என்ஜின் ஆறும் வரை

அந்தக் காரை மகளுக்கே கொடுத்துவிட்டால் என்ன என்று போன வாரம் படித்தவர்களில் பாதிப் பேர் கேட்டுவிட்டீர்கள். மீதிப் பாதி, பெற்ற பெண்ணுக்குக்கூடத் தர மனசு வராத அளவுக்கு அது என்ன அப்படியொரு கார் என்று கேட்டீர்கள். முதல் கேள்விக்கு மாஸ்டரம்மா என்னிடமே இன்னும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

அது இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு படுத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். அந்த வரிசையில் முதலில் வந்த மாடலின் படத்தை இன்றைக்கும் சுவரில் ஒட்டி வைக்கிறார்கள். மூன்றாவதாக வந்தது வேகத்துக்குப் பேர் போனது. நடுவில் பிறந்தது இது. முன்விளக்கு இரண்டும் ஓரத்தில் கீழே வழிந்தாற்போல் இருக்கும். வந்த புதிதிலேயே ‘அழுமூஞ்சி’ என்று பட்டம் கட்டி ஒதுக்கிவிட்டார்கள்.

யாரும் சீந்தாததால்தான் அது டிரைவிங் ஸ்கூல் நடத்திய ஒரு பெண்மணியின் கைக்கு எட்டியது. ஓட்டிப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, மூன்றில் கை சொன்னபடி கேட்பது இதுதான் என்று. அன்றிலிருந்து அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பெண்மணிதான் மாஸ்டரம்மா. பாதி ஊருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். முட்டி வலி, இனிமேல் கிளட்ச் மிதிக்க முடியாது என்று சொல்லி ஸ்கூலை இழுத்து மூடினார். அடுத்ததாகக் காரையும் விற்கப்போகிறேன் என்றார். பிஸியோதெரபிஸ்டாக இருக்கும் மகள், “எனக்குக் கொடும்மா” என்று கேட்டாள். “உனக்குக் கிடையாது” என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிட்டார். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனதோடு நிறுத்தியிருந்தேன்.

கோபம் இருந்தாலும் இந்தச் சனிக்கிழமை காலை அவள் வந்துவிட்டாள். காரை வாங்க ஒருவர் வருகிறார் என்றால் எப்படி வராமல் இருப்பாள்?

வந்தவர் கால்நடை டாக்டர். அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு டார்ச், ஜீப் முழுக்க மாட்டுத் தீவன வாசனை. வணக்கம் சொல்வதற்கு முன்பே ஷெட்டுக்குள் போய், பசுவின் வயிற்றைத் தொடுகிற மாதிரி கார் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

வைத்த கையை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார்.

“மேடம், சூடா இருக்கே.”

மாஸ்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய கார் வாங்குகிற யாருக்கும் தெரிந்த பாடம் இது. ஆறிப்போன என்ஜினை முதல் தடவை கிளப்பும்போதுதான் அதன் வியாதியெல்லாம் வெளியே வரும். விற்கிறவன் முன்கூட்டியே சூடு பண்ணி வைத்திருந்தால், எதையோ மூடி மறைக்கிறான் என்று அர்த்தம். ‘முதல் ஸ்டார்ட் நீங்களே பண்ணிப் பாருங்கள்’ என்று போனில் சொன்னவரே மாஸ்டரம்மாதான்.

அவர் மெதுவாகக் கணவரின் பக்கம் திரும்பினார். தலையை மட்டும் திருப்பவில்லை, உடம்போடு சேர்த்துத் திரும்பினார்.

கணவர் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவர் கையில் இன்னும் துடைக்கிற துணி இருந்தது.

“நீங்களா?”

“கை தானா போயிடுச்சு,” என்றார் அவர்.

இந்த இடத்தில் அவருடைய கட்சியையும் நான் சொல்லியாக வேண்டும். மாஸ்டரம்மாவைக் கட்டிக்கொண்ட மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை மாஸ்டரம்மா கற்றுக்கொடுக்கப் பார்த்தார். ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று இவர் பக்கத்து வீட்டு மதில்சுவரை இடித்ததோடு அந்தப் படிப்பு முடிந்தது. ஆனால் ஆறிப்போன என்ஜினோடு வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அதனால் தினமும் காலையில் அவர்தான் ஷெட்டைத் திறப்பார், கிளப்புவார், சூடு காட்டும் முள் நடுவுக்கு வரும்வரை ஓடவிடுவார், அதற்குள் முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடைப்பார். பிறகு வீட்டுக்குள் பார்த்து “ரெடி” என்பார். மனைவிக்காக அவர் செய்த வேலை இது. ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

“இன்னிக்கு மட்டும் தொடாதீங்கன்னு நேத்தே சொன்னேனா இல்லையா?”

“சொன்னே.”

“அப்புறம்?”

“அழுக்குக் கண்ணாடியோட விக்கிறதான்னு துடைக்க வந்தேன். துடைக்கும்போது என்ஜின் ஓடாம இருந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க. நல்லா ஆறட்டும். அதுவரைக்கும் நான் இங்கேயே இருக்கேன். உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா.”

சிரமம் இல்லை என்று எப்படிச் சொல்வது? லைசென்ஸுக்குக் குறுக்கு வழி கேட்டு வந்தவர்களை, ‘ஓட்டத் தெரிஞ்சா தானா கிடைக்கும், போய்ப் பழகு’ என்று விரட்டியவர் மாஸ்டரம்மா. அவர் வீட்டு ஷெட்டில் ஒருவர் நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார். அவமானத்தில் மாஸ்டரம்மாவின் காது மடல் சிவந்தது. “இருங்க. டீ போடறேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டீயை மகள்தான் கொண்டுவந்தாள். அவளுக்கு அம்மாமேல் இருந்த கோபம் இப்போது டாக்டர்மேல் தாவியிருந்தது.

“எங்கம்மா ஏமாத்தற ஆள் இல்ல, சார்.”

“இருக்கமாட்டாங்க. ஆனா நான் குதிரை பார்க்கப் போவேன். நொண்டற குதிரையைக் காலையிலேயே நல்லா நடக்க வெச்சுடுவாங்க. உடம்பு சூடாயிட்டா நொண்டல் தெரியாது. அந்த ஆளுங்களும் இதையேதான் சொல்வாங்க.”

“எங்க கார் நொண்டாது.”

“அப்போ ஆறின பிறகும் நொண்டாதில்ல? குடிங்க, உங்க டீயும் ஆறுது,” என்றார் டாக்டர்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

அவர் டார்ச்சை அடித்துச் சக்கரத்துக்கு அடியில் பார்த்தார், கதவு இடுக்கில் பார்த்தார். ரொம்ப நேரம் முன்விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த மாடலை வெச்சிருக்கிறவங்க பாதிப் பேர் லைட்டைக் கழட்டிட்டு வேற போட்டுடுவாங்க, தெரியுமா? முதல் மாடல் மாதிரி தெரியணும்னு. மூஞ்சியை மாத்தாத வண்டி கிடைக்கிறதே இல்ல.”

“நான்கூட ஒரு தடவை மாத்தலாம்னு சொன்னேன். அழுமூஞ்சின்னா அழுமூஞ்சியாவே இருந்துட்டுப் போகட்டும், அதுக்கு எதுக்கு ஆபரேஷன்னு அம்மா திட்டினாங்க.”

டாக்டர் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே மகளுக்குத் தெரிந்துபோயிற்று, இவர் காரைக் கொண்டுபோய்விடுவார் என்று.

மத்தியானம் டாக்டரை உள்ளே அழைத்துச் சாப்பாடு போட்டார்கள். அப்போது இரண்டு விஷயங்கள் நடந்தன. இரண்டையும் மகள் பார்த்தாள். பார்த்தாளே தவிர, கணக்குப் போடவில்லை.

டாக்டர் தண்ணீர் தம்ளரை மாஸ்டரம்மாவின் இடப்பக்கம் நகர்த்தி வைத்தார். அடுத்த நிமிஷம் மாஸ்டரம்மாவின் கை பட்டுத் தம்ளர் உருண்டது. “கண்ணு எங்கேயோ,” என்று அவரே முணுமுணுத்துக்கொண்டு துடைத்தார்.

பிறகு அவர் பாத்திரத்தோடு சமையலறைக்குப் போக எழுந்தபோது, வழியில் இடப்பக்கமாகக் கிடந்த முக்காலியைக் கண்ணாடிக்காரர் காலாலேயே சுவரோரம் தள்ளினார். பேச்சை நிறுத்தாமல், யாரையும் பார்க்காமல், பல நாள் பழக்கம் மாதிரி தள்ளினார்.

“முட்டி எப்படிம்மா இருக்கு? எக்சர்சைஸ் பண்றியா?” என்று மகள் கேட்டாள்.

“ரெண்டு வேளையும் பண்றேன்,” என்றார் மாஸ்டரம்மா.

சாயங்கால வெயில் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்த நேரத்தில் டாக்டர் மறுபடி பானெட்டின் மேல் கையை வைத்தார். இந்தத் தடவை தலையை ஆட்டினார். சாவியை வாங்கி உட்கார்ந்து திருப்பினார்.

ஒரே திருப்பு. இருமல் இல்லை, தும்மல் இல்லை. அழுமூஞ்சி சீராக மூச்சுவிட ஆரம்பித்தது.

டாக்டர் என்ஜினை ஓடவிட்டபடி இறங்கிவந்து கை கூப்பினார். “மன்னிச்சுடுங்க மேடம். உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்.”

“சூடா இருந்தா நானும் சந்தேகப்பட்டிருப்பேன்,” என்றார் மாஸ்டரம்மா. காலையிலிருந்து இறுகியிருந்த முகம் இப்போதுதான் இளகியது. “ஓட்டிப் பாருங்க.”

“இல்ல. முதல் ரவுண்டு நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். வளர்த்தவங்க கையில எப்படிப் போகுதுன்னு பார்த்தா போதும், வேற எதுவும் பார்க்க வேண்டாம்.”

கேட்டது தப்பே இல்லை. பாராட்டாகத்தான் கேட்டார்.

“முட்டி வலி அவங்களுக்கு. நான் ஓட்டறேன்,” என்று மகள் முன்னால் வந்தாள்.

“ஒரே ஒரு ரவுண்டுதானே?” என்றார் டாக்டர்.

மாஸ்டரம்மா ஓடிக்கொண்டிருக்கும் காரைப் பார்த்தார். அவர் கண்ணில் வந்த ஆசையை நான் எழுதினால் உங்களுக்குப் பாவமாக இருக்கும். பசித்த மனுஷியின் முன்னால் தட்டை வைத்தாற்போல் இருந்தது அது. முள் நடுவுக்கு வரும்வரை நின்றார். சட்டத்தை அப்போதும் மீறவில்லை. அப்புறம் சட்டென்று போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். டாக்டர் அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் வேகமாக நடந்து முன்னால் போய், வாசல் கேட்டின் இடப்பக்கத் தூணை ஒட்டி நின்றுகொண்டார். கார் மெதுவாக நகர்ந்து கேட்டுக்கு நாலு முழம் முன்னால் வந்தது. அவர் கையை உயர்த்தினார்.

“நில்லு.”

கார் நின்றது.

“நேரா ரோட்டைப் பாரு. தலையைத் திருப்பாதே,” என்றார் அவர். கடையில் வயசானவர்களிடம் பேசுகிற அதே தணிந்த குரல். “என் கையில எத்தனை விரல்?”

மாஸ்டரம்மாவின் கண் ரோட்டிலேயே இருந்தது. தலை திரும்பவில்லை. திருப்பாதே என்று சொல்லிவிட்டாரே.

“சொல்லும்மா. எத்தனை?”

டாக்டரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கை நன்றாகத் தெரிந்தது. வெயிலில் மூன்று விரல்கள், அவற்றில் ஒன்றில் கல்யாண மோதிரம். இதைப் பார்க்க முடியாத ஒருவர் இருக்க முடியும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அப்புறம் தோன்றியது. அவர் மெல்ல மாஸ்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

மாஸ்டரம்மா கையை நீட்டி என்ஜினை அணைத்தார்.

“தெரியல,” என்றார்.

டாக்டர் கெட்டிக்காரர். எதையும் கேட்கவில்லை. இறங்கிவந்து தன் ஜீப் சாவியைக் கண்ணாடிக்காரரின் கையில் அடமானம் மாதிரி வைத்தார். “நான் தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வரேன். மெதுவாத்தான் வருவேன்,” என்றார். மாஸ்டரம்மா இறங்கி இடம்விட்டார். கார் கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பியது.

கேட்டில் மூன்று பேர் நின்றார்கள். முதலில் பேசியது மகள்தான்.

“அப்போ முட்டி?”

“முட்டிக்கு ஒண்ணும் இல்ல. நீ சொன்ன எக்சர்சைஸ்ல இன்னும் நல்லாயிடுச்சு.”

மகளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வாரா வாரம் வீடியோ காலில் முட்டியைப் பார்த்தபடி, ‘இன்னும் கொஞ்சம் மடக்கு, இன்னும் கொஞ்சம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இந்த அம்மாவும் சமர்த்தாக மடக்கிக்கொண்டிருந்திருக்கிறார். முட்டியைப் பார்த்த நேரத்தில் ஒரு தடவை முகத்தைப் பார்த்திருக்கலாமே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

“எப்போலேர்ந்தும்மா?”

மாஸ்டரம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஸ்கூல்ல ஒரு பொண்ணு பழகிட்டிருந்தா. பயந்தாங்கொள்ளி. திடீர்னு பிரேக் போட்டா. எதுக்குடீ நடுரோட்டுல போட்டேன்னு திட்டினேன். ‘சைக்கிள், மாஸ்டர்’னா. பார்த்தா, இடப்பக்கம் ஒரு ஆள் சைக்கிளோட வெலவெலத்து நிக்கிறான். நான் அவனைப் பார்க்கவே இல்ல. என் காலுக்கடியில இன்னொரு பிரேக் இருக்கு, அது சும்மாவே கிடந்தது.” அவர் நிறுத்தினார். “பழக வந்த பொண்ணு பிரேக் போட்டா. நான் போடல. அன்னிக்கே மூடிட்டேன். வெளியூர்ல போய்க் கண்ணைக் காட்டினேன். போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாத்தலாம்னு மருந்து கொடுத்திருக்காங்க.”

“இதை எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன?”

“மாஸ்டருக்குக் கண்ணு தெரியலைன்னு எப்படிடீ சொல்லுவேன்?”

கண்ணாடிக்காரர் இன்னும் தூணை ஒட்டியே நின்றிருந்தார். மாஸ்டரம்மா உடம்போடு திரும்பி அவரைப் பார்த்தார்.

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

“கோழி மாதிரி தலையை முழுசாத் திருப்பிப் பார்க்க ஆரம்பிச்சியே, அப்போ.”

“கேட்டிருக்கலாமே.”

“நீயா கடைக்கு வருவேன்னு பார்த்துட்டு இருந்தேன். தினமும் ஒரு ஸ்டூலைக் காலியா வெச்சிருந்தேன்.”

“வந்திருந்தா?” மாஸ்டரம்மாவின் குரல் சின்னப் பெண்ணின் குரலாகிவிட்டது. “உங்க கடையில இதுக்கு ஏதாவது கண்ணாடி இருக்கா?”

“இல்ல,” என்றார் அவர். “கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன்.”

தெருவில் யாரோ பைக்கில் போனார்கள். மூவரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மகள் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டாள். நீங்கள் கேட்ட அதே கேள்விதான்.

“சரி, நீ ஓட்ட முடியாது. எனக்கு ஏன் தரமாட்டேங்கற? நான் ஒழுங்கா வெச்சுக்கமாட்டேன்னா?”

“நீ என்னைவிட நல்லா வெச்சுப்பே. அதான் பயம்.” மாஸ்டரம்மா மகளின் கன்னத்தைத் தொட்டார். “வாரா வாரம் இதுலதான் வருவே. சாவியை அந்த ஆணியில மாட்டிட்டுக் குளிக்கப் போவே. ஒரு நாள் இல்ல ஒரு நாள் நான் எடுத்துடுவேன். எனக்கு என்னைத் தெரியும். இன்னிக்கு என்ன பண்ணப் பார்த்தேன், நீயே பார்த்தல்ல? உங்கப்பா நிக்கலைன்னா போயிருப்பேன். பக்கத்துல ஒருத்தரை வேற உக்கார வெச்சுக்கிட்டு.”

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஒரு வாரமாகச் சுமந்த கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

கார் திரும்பி வந்தது. டாக்டரின் முகமே பதில் சொல்லிவிட்டது. பேரம் பேசவில்லை, சொன்ன விலைக்குத் தலையை ஆட்டினார். ஒரே ஒரு சங்கடம் மட்டும் இருந்தது.

“என் ஷெட்டுல இப்போ ஒரு கன்னுக்குட்டி கால்ல கட்டோட படுத்திருக்கு. அதை எழுப்ப முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கட்டுமா? அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும். இதைவிட நல்லாப் பார்த்துக்கிற இடம் எங்கே இருக்கு?”

யாராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. டாக்டர் தன் ஜீப் சாவியை வாங்கிக்கொண்டு, கார் சாவியைக் கொடுத்துவிட்டு ஏறிப் போனார். யார் கையில் கொடுத்தார் என்பதை, ஷெட்டை மூடுகிற மும்முரத்தில் மற்ற இருவரும் கவனிக்கவில்லை.

விளக்கு வைத்த பிறகு மகள் ஆணியைப் பார்த்தாள். காலியாக இருந்தது.

“அப்பா, சாவி உங்ககிட்ட இருக்கா?”

“உன்கிட்ட இல்லையா?”

மாஸ்டரம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். வலது கை தட்டில் இருந்தது. இடது கை மடியில் மூடிக் கிடந்தது.

கண்ணாடிக்காரர் பார்த்துவிட்டார். நாற்காலியை இழுத்து அவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். அந்த மூடிய கையின் மேல் தன் கையை வைத்தார். அது வருவது தெரியாததால் மாஸ்டரம்மா திடுக்கிட்டார். பிறகு யார் கை என்று புரிந்து அசையாமல் இருந்தார்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் வண்டி இருக்கு,” என்றார் அவர். “எனக்குக் கத்துக்கொடேன். நீ பக்கத்துல உக்காரு.”

“மதில்சுவர் ஞாபகம் இருக்கா?” என்றார் மாஸ்டரம்மா.

“இந்தத் தடவை ரிவர்ஸே எடுக்கமாட்டேன்.”

மாஸ்டரம்மா சிரித்தார். கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தார். மகளும் சேர்ந்து சிரித்தாள்.

கண்ணாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உள்ளங்கைக்கு அடியில் மனைவியின் கை இன்னும் திறக்கவில்லை.